பனியன் கம்பெனியில் ஃபர்ஸ்ட் எய்டர்: எது உங்கள் வேலை, எது இல்லை?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். வயது 34. எங்கள் யூனிட்டில் 320 பேர், முக்கால்வாசி பெண்கள். போன வருடம் பையர் ஆடிட்டுக்கு (துணி வாங்குகிற கம்பெனி வந்து பார்க்கும் சோதனைக்கு) முன்னால் சிலரைத் தேர்ந்தெடுத்து முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் நானும் ஒருத்தி. சான்றிதழும் கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் போட்டோ நோட்டீஸ் போர்டில் இருக்கிறது. தலைவலி, வயிற்றுவலி என்று எல்லோரும் என்னிடம்தான் மாத்திரை கேட்டு வருகிறார்கள். ஹெச்.ஆரிலும் ஒரு டப்பா நிறைய மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு, 'பார்த்துக் கொடும்மா' என்கிறார்கள். சென்ற மாதம் ஓவர்லாக் டெய்லர் பெண் ஒருத்தி ஃபிட்ஸ் வந்து கீழே விழுந்துவிட்டாள். யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள், யாரோ வாயில் தண்ணீர் ஊற்றப் போனார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், எனக்குக் கை கால் ஓடவில்லை. 108-ஐக் கூப்பிடலாம் என்றதற்கு, 'வேண்டாம், வெளியே தெரிந்தால் பிரச்சினை, கம்பெனி வேனில் அனுப்பு' என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நான் தொட்டு ஏதாவது ஆகிவிட்டால் என் மேல் கேஸ் வருமா? ஆண்களுக்கு நெஞ்சை அமுக்கச் சொன்னால் செய்யலாமா? இந்தப் பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. பெயர் வேண்டாம்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நிறைய கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: உங்கள் வேலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது? பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கட்டுப் போடவும் பொம்மையின் நெஞ்சை அமுக்கவும் சொல்லிக் கொடுக்கிறவர்கள் பலர் இதைச் சொல்லாமலே அனுப்பிவிடுகிறார்கள்.

அடிபட்டவர், மயங்கியவர் மருத்துவர் கையில் போய்ச் சேரும் வரை நிலைமை மோசமாகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. யாரை உடனே அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடித்து அனுப்பி வைப்பதும் உங்கள் வேலை. இன்ன நோய் என்று சொல்வதும் மருந்து கொடுப்பதும் உங்கள் வேலை இல்லை. 'ஒன்றும் இல்லை, போய் மெஷினில் உட்காரு' என்று தீர்ப்புச் சொல்வதும் இல்லை. இந்தத் தீர்ப்பைத்தான் கம்பெனிகள் ஃபர்ஸ்ட் எய்டரிடம் அதிகம் எதிர்பார்க்கின்றன என்பது என் அனுபவம். ஏற்றுமதித் தேதி நெருங்க நெருங்க அந்த எதிர்பார்ப்பும் கூடும்.

சட்டம் உங்களை எங்கே நிறுத்தியிருக்கிறது என்று பார்ப்போம். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, ஒரே நேரத்தில் வேலையில் இருக்கும் 150 பேருக்கு ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வேண்டும் என்றது. உங்கள் 320 பேரும் ஒன்றாக வேலையில் இருந்தால் மூன்று பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே ஒரு பொறுப்பாளர் வேண்டும், அவர் அரசு ஏற்றுக்கொண்ட முதலுதவிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும், வேலை நேரம் முழுவதும் கூப்பிட்டவுடன் கிடைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. 500 பேருக்கு மேல் என்றால் தனி ஆம்புலன்ஸ் அறையும் மருத்துவ, நர்சிங் ஆட்களும் தேவை. உங்கள் யூனிட் அந்த அளவுக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-இல் கொண்டுவரப்பட்ட புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் முதலுதவி ஏற்பாடு முதலாளியின் கடமையாகவே இருக்கிறது.

இதில் 'கூப்பிட்டவுடன் கிடைக்க வேண்டும்' என்ற இடத்தை ஹெச்.ஆரிடம் அழுத்திச் சொல்லுங்கள். நீங்கள் லைன் சூப்பர்வைசர். மணிக்கு இத்தனை பீஸ் என்று உங்கள் தலைக்கு மேல் போர்டு தொங்கும். ஆள் விழுந்ததும் லைனை விட்டு ஓடும்போது அந்த மணியின் உற்பத்திக் கணக்கை உங்களிடம் கேட்கக் கூடாது. நீங்கள் லீவு போட்டால் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும்? ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் நீங்கள் கிளம்பிய பிறகு யார் பொறுப்பு? (பெட்டியைப் பூட்டி வைப்பதே தவறு. பஞ்சு காணாமல் போகிறது என்று பூட்டுகிறார்கள். போனால் போகட்டும், பஞ்சு மலிவு.) பயிற்சிக்குப் போன எல்லோரும் ஒரே ஷிப்டில், ஒரே மாடியில் இருந்தால் அது ஆடிட்டுக்குக் காட்டத்தான் உதவும். பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் சுமார் நூறு பேரிடம் பேசி ஒரு புலனாய்வை வெளியிட்டது. மாதவிடாய் வலி என்று சொன்ன பெண்களுக்கு வேலையிடத்திலேயே பெயர், காலாவதித் தேதி எதுவும் இல்லாத மாத்திரைகளைக் கொடுத்திருக்கிறார்கள். அட்டையிலிருந்து பிரித்து உள்ளங்கையில் வைத்துத் தருவது. எந்த மாத்திரை என்று வாங்கியவளுக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கும் பாதி நேரம் தெரியாது. கொடுத்தவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்தால் ஏதாவது செய்யத்தான் தோன்றும்.

ஆனால் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வருகிற பெண் மாதாமாதம் விழுங்கினால் வயிற்றுப் புண் வரலாம். ஆஸ்துமா இருக்கிற சிலருக்கு மூச்சிரைப்பைக் கிளப்பிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. கர்ப்பமாக இருப்பவர்கள், குறிப்பாகக் கடைசி மாதங்களில், இவற்றைத் தொடக் கூடாது. லைனில் இருக்கிற பெண் கர்ப்பமா என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? சில சமயம் அவளுக்கே தெரிந்திருக்காது. மாதாமாதம் வலி என்று வருபவளுக்குக் கருப்பையில் கட்டி இருக்கலாம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு வெளியே வளர்கிற நோய்) இருக்கலாம். டப்பாவில் இருந்து மாத்திரை கிடைத்துக்கொண்டே இருக்கும் வரை அவள் மருத்துவரிடம் போக மாட்டாள்.

முதலுதவிப் பெட்டிக்கான பழைய விதிப் பட்டியல்கள் பலவற்றில் வலி மாத்திரை இருக்கிறதே என்று உங்கள் ஹெச்.ஆர். சொல்லலாம். இருக்கிறது, உண்மைதான். அதே பட்டியல்களில் பாம்புக்கடிக்குக் கீறுகிற கத்தியும் இருக்கிறது. இன்று யாராவது கடிவாயைக் கீறினால் மருத்துவர் திட்டித் தீர்த்துவிடுவார். பட்டியலில் இருப்பதால் மட்டும், யாருக்கு என்ன மாத்திரை, எத்தனை என்று முடிவு செய்யும் அதிகாரம் உங்கள் தலையில் வந்து விழுந்துவிடாது.

ஆகவே அந்த டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக இல்லாமல் ஒரு தாளில், 'மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் மாத்திரை வழங்கும் தகுதி எனக்கு இல்லை, என் பயிற்சியிலும் அது இல்லை' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி ஒரு மருத்துவரை வாரம் ஒருமுறை வரவழைக்கலாம், நர்ஸ் ஒருவரை வைக்கலாம். அதெல்லாம் அவர்கள் செய்ய வேண்டிய ஏற்பாடு. அதுவரை வலியோடு வருகிற பெண்ணுக்கு நீங்கள் செய்யக் கூடியதும் சிலது உண்டு. படுக்க இடம், வெந்நீர்ப் பை, சாப்பிட்டாளா என்ற விசாரிப்பு, அரை மணி நேரம் மெஷினில் உட்கார வேண்டாம் என்ற அனுமதி. அனுமதி தரும் அதிகாரம் சூப்பர்வைசர் என்ற முறையில் உங்களிடமே இருக்கிறது. அவளுக்கு மருத்துவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த மாத்திரை அவள் பையில் இருந்தால், எடுத்துக் கொடுத்துத் தண்ணீர் தருவதில் தவறில்லை.

ஃபிட்ஸ் வந்த பெண்ணின் விஷயத்துக்கு வருகிறேன். கை கால் ஓடாமல் நின்றதற்காக உங்களை நொந்துகொள்ள வேண்டாம். முதல் தடவை பார்க்கிற யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். மெஷின் சுவிட்சை அணையுங்கள். பக்கத்தில் இருக்கும் ஸ்டூலையும் கத்தரியையும் டிரிம்மரையும் தள்ளுங்கள். தலைக்கடியில் துணி மடித்து வையுங்கள், ஒரு மூட்டை பனியன் துணி அங்கேயே கிடக்குமே. மணியைப் பாருங்கள். வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் தானாக வெளியே வழியட்டும். கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. வாயில் எதையும் வைக்கக் கூடாது. நன்றாகத் தெளிந்து, கேட்டதற்குப் பதில் சொல்லும் வரை தண்ணீர், சோடா எதுவும் கிடையாது. மூச்சுக்குழாயில் போய்விடும்.

சாவிக்கொத்தினால் எந்தப் பயனும் இல்லை. பெரும்பாலான வலிப்பு ஓரிரண்டு நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கையில் திணிப்பதற்கும் அதே நேரம் ஆகும். அதனால் சாவிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில் சாவியைப் பற்றி வாதாட வேண்டாம். சாவி கொண்டுவருகிறவரிடம், 'அண்ணா, நீங்கள் கேட்டுக்கு ஓடிப் போய் ஆம்புலன்ஸுக்கு வழிகாட்டுங்கள்' என்று ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். கூட்டத்தைக் கலைக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. எல்லோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று இருக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்காவிட்டால், நின்று தெளிவதற்குள் மறுபடி வந்தால், வாழ்க்கையில் முதல் தடவை என்றால், கர்ப்பிணி என்றால், விழுந்ததில் தலையில் அடிபட்டிருந்தால் 108 அழைக்க வேண்டும். உங்கள் மேனேஜர் வேண்டாம் என்றாரே, அதைப் பற்றிச் சொல்கிறேன்.

கம்பெனி வேன் எல்லாவற்றுக்கும் தவறு என்று சொல்ல மாட்டேன். விரலில் ஊசி ஏறியது, கணுக்கால் பிசகியது, சின்னத் தையல் போட வேண்டிய வெட்டு என்றால் வேன் போதும், சில நேரம் அதுதான் வேகமும்கூட. ஆனால் நினைவில்லை, மூச்சுத் திணறுகிறது, நெஞ்சுவலி, ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை, உயரத்திலிருந்து விழுந்தார், மின்சாரம் தாக்கியது என்றால் 108 தான். 2008-இலிருந்து தமிழ்நாட்டில் ஓடுகிற அந்த வண்டியில் ஆக்சிஜன் இருக்கிறது, பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் இருக்கிறார். போன் எடுப்பவர் வண்டி வரும் வரை என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்வார். ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துக்கொண்டு அவர் சொல்வதைச் செய்யலாம். வேனில் நினைவில்லாத ஆளை மடக்கி உட்கார வைத்தால், தலை முன்னால் தொங்கி மூச்சுப் பாதையே அடைபட்டுப் போகலாம்.

ஆள் கீழே கிடக்கும்போது மேனேஜரிடம் வாதாடி ஜெயிக்க முடியாது. அதனால் ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். 'ஃபர்ஸ்ட் எய்டர் தேவை என்று நினைத்தால் யார் அனுமதியும் இல்லாமல் 108-ஐ அழைக்கலாம்' என்ற ஒரே வாக்கியம் கம்பெனி லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு வேண்டும். பையர் ஆடிட்டில் அவசர காலத் திட்டம் என்று ஒரு ஃபைல் கட்டாயம் கேட்பார்கள். அந்த ஃபைலில் இந்த வாக்கியத்தையும் சேருங்கள் என்று ஹெச்.ஆரிடம் சொன்னால், மறுப்பது அவர்களுக்குக் கஷ்டம். ஒருவேளை அந்தக் கடிதம் கிடைக்காமல் போனாலும், உயிர் போகிற நிலையில் அழைத்துவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளுங்கள். அந்தச் சாதாரண நாளிலேயே, இரண்டாவது மாடியில் இருந்து ஸ்ட்ரெச்சர் இறங்குமா, படிக்கட்டில் அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கிறார்களா, சந்துக்குள் இருக்கிற உங்கள் யூனிட்டுக்கு வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதையும் செக்யூரிட்டியோடு நடந்து போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேஸ் வருமா என்ற பயம். நான் வக்கீல் இல்லை, ஆனால் இதைச் சொல்லலாம். ஒருவர் சம்மதம் சொல்ல முடியாத நிலையில் இருக்கும்போது, அவருடைய நன்மைக்காக, நல்லெண்ணத்தோடும் உரிய கவனத்தோடும் செய்கிற காரியம் குற்றமாகாது. இது முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவில் இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-ஆவது பிரிவில் இருக்கிறது. சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கு 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்று தனிப் பாதுகாப்பே சேர்த்தார்கள். கம்பெனி வாசலில் பைக் விபத்து நடந்து நீங்கள் ஓடிப் போய் உதவினால் அது உங்களுக்குப் பொருந்தும். யூனிட்டுக்குள்ளே, பயிற்சியில் சொன்னதை மட்டும் கவனமாகச் செய்துவிட்டு, சொல்லாததில் கை வைக்காமல் இருங்கள். ஆபத்து வருவது பெரும்பாலும் தகுதிக்கு மீறிச் செய்யும்போதுதான். மாத்திரை கொடுப்பது, ஊசியைப் பிடுங்குவது, எலும்பை நேராக்கப் பார்ப்பது. நினைவோடு இருப்பவரிடம், 'நான் முதலுதவிப் பயிற்சி எடுத்தவள், பார்க்கட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் தொடாதீர்கள். வேண்டாம் என்றார் என்பதைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

ஊசி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் தொழிலில் அடிக்கடி நடப்பது இதுதான், ஓவர்லாக்கோ பேட்லாக்கோ (இரண்டும் தையல் மெஷின்கள்) ஓடும்போது விரல் உள்ளே போய் ஊசி நகத்தோடு ஏறி உடைவது. உடைந்த ஊசிக்கு என்று கம்பெனிகளில் ஒரு பதிவேடு இருக்கும், எல்லாத் துண்டையும் தேடி எடுத்து அதில் ஒட்ட வேண்டும். குழந்தைகள் போடும் பனியனில் துண்டு போய்விடக் கூடாது என்ற நல்ல காரணத்துக்காக வந்த வழக்கம். ஆனால் விரலுக்குள் இருக்கிற துண்டையும் அங்கேயே பிடுங்கி ஒட்டப் பார்க்கிறவர்கள் உண்டு. விடாதீர்கள். மெஷினை நிறுத்தி, பவரை அணைத்து, மெக்கானிக்கை விட்டு ஊசியை மெஷினிலிருந்து கழற்ற வையுங்கள். விரலில் இருக்கிறது விரலிலேயே இருக்கட்டும். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அவர்கள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் போடுவார்கள். வெளியே கிடைத்த துண்டுகள் எத்தனை, எது கிடைக்கவில்லை என்று எழுதிக் கூடவே கொடுத்தனுப்பினால் மருத்துவருக்கு உதவி. பதிவேடு மறுநாள் வரை காத்திருக்கும்.

கட்டிங் டேபிளில் விரல் துண்டானால், முதலில் ரத்தம் வருகிற இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்துங்கள். விழுந்த விரலைத் தேடி எடுத்து, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் பட்டால் சதை செத்துவிடும், அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. ஒட்ட வைக்கிற வசதி எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. பக்கத்தில் கோயம்புத்தூரில் எங்கே செய்கிறார்கள் என்று இப்போதே விசாரித்து, போன் நம்பரைப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். உலோக வலைக் கையுறை போடாமல் கத்தி ஓட்டுகிற கட்டிங் மாஸ்டரை நீங்கள் பார்த்தால், அதையும் எழுதி மேலே கொடுக்கலாம். அது முதலுதவியில் சேருமா என்று கேட்டால், என்னைப் பொறுத்தவரை சேரும்.

அயர்ன் சூட்டுக்கு இருபது நிமிடம் ஓடுகிற குழாய்த் தண்ணீர். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். பேஸ்ட், மை, காபித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். கறை எடுக்கும் ஸ்பிரேயோ வேறு கெமிக்கலோ கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, அந்த டப்பாவையோ அதன் லேபிளையோ ஆஸ்பத்திரிக்குக் கூடவே அனுப்புங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கம்பெனியிலோ பக்கத்துச் சாய ஆலையிலோ கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால், பயிற்சி எடுத்தவள் என்று உங்களை முன்னால் தள்ளுவார்கள். இறங்காதீர்கள், யாரையும் இறங்க விடாதீர்கள். உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு ஓரிரு மூச்சிலேயே ஆளைச் சாய்த்துவிடும். அளவு கூடினால் வாசனையும் தெரியாது. காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து இறந்த செய்தி தமிழ்நாட்டில் திரும்பத் திரும்ப வருகிறது. தீயணைப்புத் துறைக்கு 101 அல்லது 112. மூச்சுக் கருவியோடு அவர்கள்தான் இறங்க வேண்டும். மின்சாரம் தாக்கியவரைத் தொடும் முன் மெயினை அணைப்பதும் இதே கணக்குத்தான். நீங்களும் விழுந்துவிட்டால் அங்கே ஃபர்ஸ்ட் எய்டரே இல்லை.

அடுத்து, எழுதி வைப்பது. இது யாருக்கும் பிடிக்காத வேலை, ஆனால் தொழிலாளிக்குப் பணமாகத் திரும்பி வருகிற வேலை. ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் அரசுக் காப்பீட்டில்) சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் சுமார் 70 சதவீதம் கிடைக்கும். வேலையில் பட்ட காயம் என்றால் 90 சதவீதம். விரல் போய்விட்டால் வாழ்நாள் முழுக்க மாதாமாதம் தொகை உண்டு. இதற்கெல்லாம் வேலை நேரத்தில், வேலையிடத்தில், வேலை காரணமாகக் காயம் பட்டது என்ற பதிவு வேண்டும். அதற்கென்றே ஈ.எஸ்.ஐ. விதிகளில் ஒரு விபத்துப் புத்தகம் இருக்கிறது. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வுத் துறைக்கும் தகவல் போக வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் 'வீட்டில் வழுக்கி விழுந்ததாக எழுதிவிடு' என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்: தேதி, மணி, எந்த மெஷின், என்ன காயம், நீங்கள் என்ன செய்தீர்கள், எத்தனை மணிக்கு யாரோடு எங்கே அனுப்பினீர்கள். யார் தவறு என்று எழுத வேண்டியதில்லை. எழுதியதை மாற்றச் சொன்னால், மாற்ற வேண்டிய காரணத்தைக் கையெழுத்தோடு எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள்.

பதிவேட்டில் எழுதுவது வேறு, லைனில் பேசுவது வேறு. அந்த ஓவர்லாக் பெண்ணுக்கு ஃபிட்ஸ் என்பது நூறு பேர் கண்முன் நடந்தது, மறைக்க முடியாது. ஆனால் அதற்குப் பிறகு அவள் உங்களிடம் தனியாகச் சொன்னது, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்பது, மாத்திரை சாப்பிடுகிறாளா என்பது எதுவும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது. கல்யாணம் ஆகாத பெண்ணாக இருந்தால் இந்தப் பேச்சு ஊர் வரை போகும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவள் திரும்பி வந்ததும் எந்த மெஷினில் உட்கார வைப்பது என்ற அளவுக்கு மேலே சொல்ல வேண்டியதைச் சொல்லலாம், அதுவும் அவளிடம் கேட்டுவிட்டு.

ஆண்களுக்கு நெஞ்சை அமுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. தோளைத் தட்டிக் கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது கரையில் போட்ட மீனைப் போல எப்போதாவது வாயைத் திறந்து இழுக்கிறார் என்றால் இதயம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு சி.பி.ஆர். ஆரம்பியுங்கள். அந்த இழுப்பை மூச்சு என்று நினைத்துத்தான் பல இடங்களில் காத்திருந்துவிடுகிறார்கள். தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, நெஞ்சு நடுவில் கையை வைத்து, முழங்கை மடியாமல், ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு நெஞ்சு உள்ளே போகும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு அமுக்கலுக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே வர விடுங்கள். வாயில் ஊதத் தயக்கம் என்றால் அமுக்கினால் மட்டும் போதும், ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட அது பல மடங்கு மேல். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் களைத்து அமுக்கம் குறைந்துவிடும். பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கிற கைமடிப் பெண்ணுக்கோ அயர்ன் மாஸ்டருக்கோ அங்கேயே காட்டிக் கொடுத்து மாற்றலாம். விலா எலும்பு நொறுங்குகிற மாதிரி சத்தம் வந்தாலும் நிறுத்த வேண்டாம்.

ஆண், பெண் என்ற சங்கோஜம் இரண்டு பக்கமும் இருக்கிறது. பெண் விழுந்தால் தொட ஆண்கள் தயங்குகிறார்கள், அதனால் முதல் சில நிமிடம் வீணாகிறது. உங்கள் யூனிட்டில் பெண்கள்தான் அதிகம் என்பதால் பெண் ஃபர்ஸ்ட் எய்டர் இருப்பது பெரிய சௌகரியம். யாராவது ஆணைத் தொட்டாள் என்று பேசினால், ஆஸ்பத்திரியில் நர்ஸ் யாரைத் தொடுகிறார் என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டில் கணவரிடம் இன்றே சொல்லி வைத்துவிடுங்கள், அன்றைக்கு வெளியிலிருந்து காதில் விழ வேண்டாம்.

பொறுப்பே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா? கொடுக்கலாம். விருப்பம் இல்லாதவரை இதில் வைத்திருப்பது யாருக்கும் நல்லதில்லை. உங்கள் உடம்பு, குடும்பச் சூழ்நிலை எதுவாகவும் இருக்கட்டும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், இந்த வேலையைவிட, இதன் பெயரில் உங்கள் மேல் ஏற்றி வைத்ததுதான் உங்களுக்குப் பாரமாக இருப்பதாக எனக்குப் படுகிறது. மாத்திரை டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 108 கடிதத்தை வாங்கிவிட்டு, ஒரு மாதம் பாருங்கள். பிறகு முடிவெடுங்கள்.

தொடர்வதாக இருந்தால், வருடம் ஒருமுறையாவது மறுபயிற்சி கேளுங்கள். நெஞ்சை அமுக்குகிற ஆழமும் வேகமும் சில மாதங்களிலேயே கை மறந்துவிடும். பொம்மை இல்லை என்று சொல்வார்கள். பயிற்சி கொடுத்த அமைப்பிடம் கேட்டால் கொண்டுவருவார்கள், சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் போதும். சான்றிதழில் காலாவதித் தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள், பெட்டியில் இருக்கிற கண் கழுவும் மருந்துக்கும் தேதி உண்டு. சில சமயம் உங்கள் போட்டோ ஒட்டியிருக்கிற அந்த நோட்டீஸ் போர்டில் வேலையை விட்டுப் போனவர்களின் போட்டோவும் இன்னும் இருக்கும். இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், புதிதாக வந்தவர்கள் அவசரத்தில் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கப் போகிறார்கள்.